கை உள்ளே, கை வெளியே

மார்ச் 11

மாப்பிள்ளை,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். பிறகு அடித்துவிட்டேன். கோடு தெரிகிறதா? நன்றாகத் தெரியட்டும்.

இன்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற ஒன்றாம் தேதி நான் வேலையில் சேர முடியாதாம். இன்னும் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனையாம். காரணம் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'தங்களுடன் பணிபுரிபவர் எழுத்து மூலம் தெரிவித்த அச்சத்தின் பேரில்.' என்னுடன் பணிபுரிபவர் இந்த உலகத்தில் ஒரே ஆள்தான். இருபத்திரண்டு வருடமாக என் சாப்பாட்டுப் பெட்டியில் கைவிட்டுத் தின்ற ஆள். நல்லவன் என்று நம்பி நான் என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஆள்.

டாக்டர் முன்பக்கம் கிழித்தார், சொல்லிவிட்டுத்தான் கிழித்தார். நீ முதுகில் குத்தினாய். ஒரு வார்த்தை சொன்னாயா?

போனில் கேட்டிருப்பேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி. ஆனால் போன வாரம் டிவி ரிப்பேர்க்காரனிடம் போனில் கத்தியதில் நெஞ்சுத் தையல் சுண்டி இழுத்துவிட்டது. "கத்தவே கூடாது சார். யார்மேலயாவது கோபம்னா எழுதி அனுப்புங்க" என்றாள் எனக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிற நர்ஸ். என் பெண்டாட்டி அந்த நிமிடமே போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதனால்தான் இந்தக் காகிதம்.

இங்கே மகள் வீட்டில் நான் எப்படி வாழ்கிறேன் என்று தெரிந்துகொள். உப்பில்லாத சோறு. சர்க்கரை இல்லாத டீ. இருமல் வந்தால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள். மூச்சை உறிஞ்சி மூன்று பந்தையும் மேலே தூக்க வேண்டும். ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவனுக்கு, மூச்சுக்காற்றால் பந்து தூக்குகிற வேலை. சிகரெட்டைத் தொட்டு அறுபது நாளாகிறது. இவ்வளவும் எதற்கு? திரும்பி வேலைக்கு வரத்தான். என் வீட்டுக்கு வரத்தான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டிக் கொடுத்தவன் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறானே, அந்த நாலு மாடியை ஏறினால்தான் எனக்கு என் கட்டில், என் ஜன்னல்.

நர்ஸ் கொடுத்த அட்டவணையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தினமும் எத்தனை மாடி ஏறினேன் என்று நானே குறித்தது. ஆறு மாடி! மூலையில் நர்ஸ் போட்ட நட்சத்திரத்தையும் பார். இதை மேற்பார்வையாளர் மேஜையில் வைத்து, உன் கடிதத்தை வாபஸ் வாங்கு. வாங்கிவிட்டு எனக்கு எழுது.

உன் மச்சான்தான், வேறு யார்.


மார்ச் 17

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. கோடும் தெரிந்தது.

எழுதியது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகப் போய் எழுதிக் கொடுத்தேன். வாபஸ் வாங்க மாட்டேன்.

அட்டவணையை மேற்பார்வையாளரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் உங்கள் மானம் கப்பலேறியிருக்கும். ஏழு நாள். ஏழு நாளும் ஆறு மாடி. 'எடுத்துக்கொண்ட நேரம்' என்ற கட்டத்தில் 25, 25, 25, 25, 25, 25, 25. பாவம் அந்த நர்ஸ், இருபத்தைந்து நிமிடம் என்று நினைத்து நட்சத்திரம் போட்டிருக்கிறாள். நின்று நின்று ஏறுகிறார், பொறுமையான மனிதர் என்று நினைத்திருப்பாள். உங்கள் பொறுமை எனக்குத் தெரியாதா?

அது நிமிடம் இல்லை மச்சான், நொடி. நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிற லிஃப்ட், ஆறு மாடிக்குப் பதினெட்டு மீட்டர், கிளம்பி நிற்க மூன்று நொடி, கதவு திறக்க நாலு நொடி. கூட்டிப் பாருங்கள். எந்த லிஃப்டில் ஏறினாலும் கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் உங்களை விடவில்லை. பொய் எழுத உட்கார்ந்த இடத்திலும் கை உண்மையான நேரத்தைக் குறித்துவிட்டது. மனிதனுக்கு ஒரு நாள் கால் வலிக்கும், ஒரு நாள் தூக்கம் பத்தாது, நேரம் முன்னே பின்னே ஆகும். மோட்டாருக்குத்தான் தினமும் இருபத்தைந்து.

யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறீர்கள்? என் காதிலா?

உங்கள் தங்கச்சி சாயங்காலமானால் விளக்கேற்றுகிறாளோ இல்லையோ, உங்களுக்காக அழுகிறாள். 'அண்ணன் ஆறு மாடி ஏறுதாம்' என்று நேற்று பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் எத்தனை விஷயத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

முதலில் ஒரு மாடி ஏறுங்கள். காலால்.

மாப்பிள்ளை


மார்ச் 21

மாப்பிள்ளை,

ஆமாம், லிஃப்டில்தான் போனேன். அதற்கு இப்போது என்ன? மகள் வேலைக்குப் போனதும் ஆறாவது மாடி வரை போய்வருவேன். அந்த லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு விரல் அகலம் தாழ்ந்து நிற்கிறது, பிரேக் தேய்ந்திருக்கிறது. காவலாளியிடம் சொன்னேன். "பெரியவரே, உங்க உடம்ப மொதல்ல பாருங்க" என்கிறான். பெரியவரே! எனக்கு ஐம்பத்தைந்து.

படிக்கட்டின் கதவைத் திறந்து ஒரு நாள் நின்று பார்த்தேன். நாலு படி வைத்தேன். நெஞ்சுக்குள் என்னவோ 'டக்' என்றது. கம்பி போட்டுக் கட்டிய எலும்பு அது, அப்படித்தான் சத்தம் போடும், பயப்படாதீர்கள் என்கிறாள் நர்ஸ். பயப்படாதே என்று சொல்ல அவளுக்கு என்ன, அவள் எலும்பா? கதவைச் சாத்திவிட்டு வந்து லிஃப்ட் பட்டனை அழுத்தினேன். போதுமா? சந்தோஷமா உனக்கு?

நீ யார் என் கண்ணில் விரலை விட்டு ஆட்ட? நீ டாக்டரா? வேறு கிளையிலிருந்து என் இடத்துக்கு ஒருத்தரை அனுப்பியிருக்கிறார்களாமே, நாம் ஒன்று சொன்னால் அதையே இரண்டு தடவை திருப்பிச் சொல்கிறாராம், 'எதிரொலி' என்று பேர் வைத்திருக்கிறாயாம். தங்கச்சி எழுதியிருந்தாள். பேர் வைக்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டாயிற்று. நான் திரும்பி வந்தால் உனக்கு இடைஞ்சல். அப்படிச் சொல்லிவிட்டுப் போயேன்.

நான் ஒன்றைக் கேட்காமல் விட்டு வைத்திருந்தேன். உறவு கெட்டுவிடுமே என்றுதான். இனி என்ன கெட இருக்கிறது? டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார்: இதயத்தில் ஒரு பக்கச் சதை செத்துப்போய்விட்டது, இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று. நான் மேலே மெஷின் ரூமில் விழுந்தேன். நீ கீழே லிஃப்ட் குழியில் இருந்தாய். நடுவில் ஐந்தே மாடி. ஏன் லேட்டாக வந்தாய்? என்ன பிடுங்கிக்கொண்டிருந்தாய் அங்கே?

பதில் எழுது. சுற்றி வளைக்காதே.


மார்ச் 26

இருபத்திரண்டு வருடமாக 'நீங்கள்' என்று சொன்ன வாய் இது. இன்றைக்கு ஒரு நாள் 'நீ' என்று சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்.

ஏன் லேட் என்று கேட்கிறாயா? கேள்.

அன்று காலை வண்டியில் வரும்போதே உன் முகம் சரியில்லை. "என்ன மச்சான்?" என்றேன். "ஒண்ணுமில்ல, வாயு" என்றாய். மருந்துக்கடையில் நிறுத்தி ஒரு சோடா மாத்திரை வாங்கி மென்றாய். இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். மறுபடி கேட்டேன். "உன் வேலையப் பாருடா" என்றாய். நான் என் வேலையைப் பார்த்தேன். நீ மேலே மெஷின் ரூமுக்குப் போனாய். நான் குழிக்குள் இறங்கினேன்.

நமக்கு ஒரு சட்டம் உண்டு. அலுவலகம் போட்டது இல்லை, நாமே போட்டது. வாக்கி-டாக்கி செத்த நாளிலிருந்து அதுதான் நம் உயிர். கீழே இருப்பவன் இயந்திரத்துக்குள் கை வைக்கும்போது "கை உள்ள!" என்று கத்தினால், மேலே இருப்பவன் அதையே திருப்பிக் கத்த வேண்டும். கையை எடுத்ததும் "கை வெளிய!" என்றால் அதையும் திருப்பிக் கத்த வேண்டும். பதில் வராமல் யாரும் அசையக் கூடாது. ஏனென்றால் மேலே இருப்பவன் கை சக்கரத்துக்குள் இருக்கலாம்.

"கை உள்ள!" என்றேன். பதில் சொன்னாய். வேலை முடிந்து "கை வெளிய!" என்றேன். பதில் இல்லை.

அசையாமல் நின்றேன். ஏன் தெரியுமா? உனக்கு ஒரு பழக்கம். மேலே உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தால் நான் எவ்வளவு கத்தினாலும் பதில் சொல்ல மாட்டாய். கடைசி இழுப்பு முடிந்ததும் "என்னடா அவசரம்?" என்று சிரிப்பாய். எத்தனை தடவை? ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் நிற்கவைத்திருக்கிறாய். அன்றும் அதுதான் என்று நினைத்தேன். வந்த கோபத்துக்கு அளவில்லை. மேலே வந்து நிமிடக் கணக்கு சொல்லித் திட்ட வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதனால்தான் எனக்குக் கணக்குத் தெரியும். பதினோரு நிமிடம். நீ செத்துக்கொண்டிருந்தபோது உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பனை இழுத்தேன், உன் வம்சத்தையே இழுத்தேன், என் பெண்டாட்டி அந்த வம்சம் என்பது கூட ஞாபகம் இல்லை.

அப்புறம் ஏதோ உறைத்தது. ஐந்து மாடியும் ஓடி வந்தேன். நீ குப்புறக் கிடந்தாய். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி திறக்கவே இல்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன் தங்கச்சியிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் "சரியான நேரத்துல தூக்கிட்டு வந்தாரு" என்று உன் மகள் என் காலைத் தொட வந்தாள். ஓடிப்போய்க் கழிவறையில் நின்று அழுதேன்.

இப்போது சொல், நான் ஏன் எழுதிக் கொடுத்தேன்? நீ மேலே இருந்தால் இனி நான் கீழே கை வைக்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் இதயத்தைப் பார்த்து இல்லை, உன் வாயைப் பார்த்து. வலித்தால் வாயு என்பாய். ஏறாத மாடியை ஏறினேன் என்பாய். கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாய். எதிரொலி ஒன்றுக்கு இரண்டு தடவை பதில் சொல்கிறாரே, அந்த மனிதரை நான் கோயில் கட்டிக் கும்பிடுவேன்.


ஏப்ரல் 20

மாப்பிள்ளை,

மூன்று வாரமாக எழுதாததற்குக் காரணம் கோபம். உன் மேல் பாதி. இதை அன்றே ஆஸ்பத்திரியில் என் முகத்துக்கு நேரே ஏன் சொல்லவில்லை? இரண்டரை மாதம் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தாயே, மடையா. மீதிப் பாதி யார் மேல் என்று எழுத வேண்டியதில்லை.

ஒன்று உனக்குத் தெரியாது. விழுந்தபோது லிஃப்ட் வடம் இறங்குகிற துளைக்குப் பக்கத்தில் என் காது இருந்தது. நீ "கை வெளிய" என்றது கேட்டது. திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அப்புறம் நீ திட்டியதும் கேட்டது. எல்லாமே. என் அப்பாவை இழுத்தது, வம்சத்தை இழுத்தது, 'பீடை' என்றது. ஒன்றுகூட விடவில்லை. இவனுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற ரோஷத்தில்தான் கண்ணை மூடாமல் கிடந்தேன். நீ அன்று நல்லவிதமாகப் பேசியிருந்தால் தூங்கிப் போயிருப்பேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் நர்ஸிடம் போய் உண்மையைச் சொன்னேன். நொடி என்று சொன்னதும் முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு டோஸ் விட்டாள். "அடுத்த வாரம் உங்களுக்குப் பத்து மாடி கொடுக்கறதா இருந்தேன். ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சீங்களா?" என்றாள். அவள் மேஜையில் வேறு நோயாளியின் பிஸ்கட் பொட்டலம் இருந்தது, என்னை நம்பாமல் அதைக் கூட எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். என் அட்டவணையை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். நட்சத்திரமும் போயிற்று.

புது அட்டவணையின் நகல் இது. காலால் ஏறியது. எல்லாம் நிமிடம்.

முதல் நாள்: அரை மாடி, 4. பயந்து இறங்கிவிட்டேன்.
இரண்டாம் நாள்: ஏறவில்லை. பெண்டாட்டியோடு சண்டை.
மூன்றாம் நாள்: ஒரு மாடி, 9. இரண்டு தடவை உட்கார்ந்தேன்.
நாலு: ஒரு மாடி, 11. காவலாளி கூட ஏறினான், வளவளவென்று பேசினான், அதனால் லேட்.
ஐந்து: ஒரு மாடி, 6.

இப்படியே போகிறது. நேற்று இரண்டு மாடி, 8. நர்ஸ் பேசிக்கொண்டே ஏறச் சொல்கிறாள். பேச முடியாவிட்டால் நின்றுவிட வேண்டுமாம். தனியாக ஏறுகிறவன் யாரிடம் பேசுவது? ஒவ்வொரு படிக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறேன். நன்றாக ஏறுகிறது.

மச்சான்


ஏப்ரல் 25

மச்சானுக்கு,

படித்தேன். இரண்டு தடவை. காது கேட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பக்கத்தை உங்கள் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். பதினோரு நிமிடத்தையும் சொல்லிவிட்டேன். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தையெல்லாம் உருட்டினாள். அப்புறம் வந்து, "ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் சாகடிக்காம விட்டதே பெரிசு" என்றாள். அன்றிலிருந்து என் சாப்பாட்டிலும் உப்பில்லை. உங்களால் நானும் வைக்கோல் தின்கிறேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வேலையைப் பற்றிய என் கடிதம் அப்படியே இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வருவதைத் தடுக்க நான் யார்? மே பதினேழு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அதற்குள் மகள் வீட்டில் நாலு மாடி ஏறிப் பழகுங்கள். நான் உங்கள் கட்டிடத்தின் கீழே நிற்பேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கூப்பிடுவேன். நீங்கள் பதில் சொல்ல வேண்டும். உடனே. சிரிப்பு, விளையாட்டு எதுவும் கூடாது. பதில் வராவிட்டால் இந்தத் தடவை நான் கடிகாரம் பார்க்க மாட்டேன்.

எதிரொலிக்கு முதுகுவலி, ஒரு வாரம் லீவ். நான் ஒருத்தனே மேலும் கீழும் அலைகிறேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. தைலம் தேய்த்தால் போய்விடும்.

மாப்பிள்ளை


மே 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை. அதற்காகக் குளிர்ந்துவிடாதே, கீழே இருப்பதை எல்லாம் படி.

என் கட்டிலில் உட்கார்ந்து, என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். போன் கைக்கு வந்துவிட்டது. இருந்தும் எழுதுகிறேன். ஏனென்றால் நீ கத்துவாய். கத்துவது உனக்கு நல்லதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் மாடியில் கூப்பிட்டாய், பதில் சொன்னேன். இரண்டாவது மாடியிலும் சொன்னேன். மூன்றாவது திருப்பத்தில் நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று நீ கேட்கவும் இல்லை, கேட்கிற நிலைமையிலும் இல்லை. செருப்பு வார் கழன்றுவிட்டது. வீட்டுச் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். சாவியை எடுத்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் கீழே உன் காலடிச் சத்தம். கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கம். மூன்று மாடி, முப்பத்தொரு நொடி. நீ ஓடி வந்தாய்.

வந்தாய், சுவரைப் பிடித்தாய். நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டவன் நான் நேராக நிற்கிறேன், நீ மடங்கி நிற்கிறாய். உன் முகம் சாம்பலாக இருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. இடது தோளைத் தேய்த்தாய். "என்னடா மாப்பிள்ளை?" என்றேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

"ஒண்ணுமில்ல மச்சான். வாயு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே உன்னை அறைந்திருப்பேன். கையைத் தூக்கினால் நெஞ்செலும்பு வலிக்கும் என்று விட்டேன். அந்த வார்த்தைக்கு முழுச் சொந்தக்காரன் நான். என்னிடமே அதைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? நான் செத்துப் பிழைத்துக் கற்றதை நீ எட்டணா சோடா மாத்திரையில் கரைத்துவிடலாம் என்று பார்க்கிறாயா?

தங்கச்சியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் உன்னைப் பார்க்கிறார். அதுவரை நீ ஒரு படி கூட ஏறக் கூடாது, குழியில் இறங்கக் கூடாது. இதற்குள் ஒரு தடவை அந்த வலி வந்தாலும் வியாழன் வரை காத்திருக்காதே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ. நர்ஸிடம் கேட்டு வாங்கிய காலி அட்டவணை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டர் சரி என்றதும் எழுத ஆரம்பி. நேரக் கட்டத்தில் நிமிடமா நொடியா என்று தெளிவாகப் போடு, எனக்கு இரண்டும் படிக்கத் தெரியும்.

இன்னொன்று. நேற்று மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். உன்னைப் பரிசோதிக்கும் வரை எந்த வேலைக்கும் அனுப்பக் கூடாது என்று, எழுத்து மூலம், என் அச்சத்தைத் தெரிவித்து. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாபஸ் வாங்க மாட்டேன்.

திட்ட வேண்டும் என்றால் திட்டு. அப்பனை இழு, வம்சத்தை இழு. ஆனால் கத்தாதே. எழுதி அனுப்பு, உடனே பதில் போடுகிறேன்.

உன் மச்சான்